வாட்டிய கடலை

"வாசனை வந்துச்சுன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு—"

"வாசனைக்கு டாரிஃப்ல நம்பர் கிடையாதுங்க."

"முழுசாக் கேளு. கன்டெய்னர் பெட்டி பக்கத்துல நான்—"

"கேட்டாச்சு. வந்ததுலேருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கீங்க."

"காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. கிரேன் ஓட்டுறவன் கீழே இறங்கி வந்து கேக்கறான், 'யாரு பெட்டி சார் இது, பசியைக் கிளப்புது'ன்னு. பச்சைக் கடலை எவனுக்காவது பசியைக் கிளப்புமா?"

"அவனுக்கு எப்பவும் பசிதான். போன தடவை ஆளிவிதை மூட்டையைப் பார்த்தே சப்புக்கொட்டினான்."

ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். நாற்காலிகள் இரண்டும் காலி. துறைமுகத்துக்கு எதிரே, படியேறும்போதே மூச்சு வாங்குகிற கட்டடத்தில், சுங்க முகவர்களின் அறைகளுக்கு நடுவே அவர்களுடையதும் ஒன்று. லைசென்ஸ் அவள் பெயரில். வருகிற சரக்குக்கு எந்த எண் என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறவள் அவள். பெட்டிகளை இறக்கி அடுக்குகிற யார்டுக்கும் சுங்கக் கவுண்டருக்கும் அலைகிறவர் அவர். முன்பு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "அங்க முதலாளி திட்டுவார், இங்க முதலாளியம்மா திட்டறா, வேற ஒரு வித்தியாசமும் இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

கப்பலில் வரும் எதுவும் டாரிஃப் என்கிற சுங்க வரிப் புத்தகத்தின் எட்டு இலக்க எண் இல்லாமல் கரையேறாது. வரி என்ன, எந்த இலாகாவின் அனுமதி வேண்டும், உள்ளே வரலாமா, வந்த வழியே திரும்ப வேண்டுமா, எல்லாமே அந்த எண்ணின் கையில். எண்ணெய் வித்துகளும் தானியங்களும் அவளுக்கு அத்துப்படி. சமையலறையில் தாளிக்கிற கடுகு இங்கே எண்ணெய் வித்து. விதைக்கவென்றே வந்தாலும் எள் எள்தான், விதைகளின் வரிசைக்குப் போகாது. தோல் நீக்கிய ஓட்ஸ் அந்தப் புத்தகத்தில் தானியங்களின் அத்தியாயத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். அரிசி மட்டும் உமி போனாலும் தவிடு போனாலும் நொறுங்கியே போனாலும் அங்கேயே சட்டமாக உட்கார்ந்திருக்கும். "அரிசி அந்த வீட்டுச் செல்லப்பிள்ளை" என்பாள். எட்டு இலக்கமும் பொருந்தாமல் பேனாவைத் திறக்க மாட்டாள் என்பதால் துறைமுகத்தில் அவளுக்கு எட்டிலக்கத்தம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாளைக் காலை சுங்கத்துக்காரர்கள் முத்திரையை வெட்டிப் பார்க்கப் போகிற பெட்டி அவளுடைய தம்பியினுடையது. சொந்தமாக எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து அவன் தருவிக்கிற முதல் சரக்கு. தோலுரித்த நிலக்கடலை, பன்னிரண்டாம் அத்தியாயம் என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஏங்க, சரக்கு அனுப்பினவன் 'சூடு காட்டியது'ன்னு எழுதியிருந்தான். கெட்டுப்போகாம இருக்க லேசாச் சூடு காட்டினா அது பன்னெண்டுலதான் இருக்கும். வறுத்தா இருபதுக்குப் போயிடும், தின்பண்டமாயிடும். எவ்வளவு சூடுன்னு நான் கேக்காமலா எழுதினேன்? தம்பிகிட்ட போன் பண்ணிக் கேட்டுத்தான் எழுதினேன்."

"என்ன சொன்னான்?"

"அதான் சொன்னேனே."

"அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு. உன் வார்த்தை வேண்டாம்."

"'வாட்டினதுதான்க்கா'ன்னான்."

அவர் மேசையைத் தட்டினார். கோபத்தில் தட்டியது போலத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு.

"எதுக்குச் சிரிப்பு இப்ப?"

"உங்க வீட்ல வாட்டினதுன்னா என்னன்னு மறந்துட்டியா?"

"எங்க வீட்ல என்ன?"

"கல்யாணமான புதுசுல எங்கிட்ட வந்து, 'கடலை வாட்டித் தரட்டுமா'ன்னு கேட்டே. நானும் வெயில்ல கொஞ்சம் காட்டி எடுத்துட்டு வருவேன்னு பார்த்தேன். சட்டியில போட்டுப் படபடன்னு வெடிக்க வறுத்து, பாதியைக் கருக்கி, தட்டுல கொண்டாந்து வெச்சே. உங்கம்மாவும் அப்படித்தான் பேசுவாங்க. உங்க வீட்ல வறுக்கறதுங்கற பேச்சே கிடையாது. எல்லாமே வாட்டறதுதான்."

"நான் கருக்கல."

"பாதி கருகியிருந்துச்சு."

"அடுப்பு புதுசு."

"கடலையும் புதுசுதான். புருஷனும் புதுசு, அதனால தின்னுட்டேன்."

அவள் மேசையை விட்டு நகர்ந்தாள். ஜன்னலைத் திறந்தாள். லாரிப் புகை உள்ளே வந்தது. மூடினாள். சுவரோரம் அடுக்கியிருந்த மாதிரிச் சீசாக்களை, சோளம், கம்பு, சூரியகாந்தி, ஆமணக்கு என்று வரிசையாக இருந்தவற்றை, ஒவ்வொன்றாக நகர்த்தி மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். துறைமுகத்தில் வாட்டினது என்றால் ஒரே அர்த்தம்தான். லேசான சூடு, பருப்பின் குணம் மாறாத சூடு. இத்தனை வருஷமாக அந்த அர்த்தத்திலேயே கேட்டு, அந்த அர்த்தத்திலேயே எழுதி, பிறந்த வீட்டுச் சொல் எங்கோ கீழே அமுங்கிப் போயிருந்தது. தம்பி சொன்னபோது அவள் காதில் விழுந்தது துறைமுகத்து வார்த்தை. அவன் வாயிலிருந்து வந்தது எந்த வார்த்தை?

"போன் போடு" என்றார் அவர்.

போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஓய்ந்தது.

"எடுக்க மாட்டேங்கறான்."

"எப்படி எடுப்பான்?"

"அப்படிப் பேசாதீங்க. வேலையில இருப்பான்."

"உன் தம்பியை ஒண்ணு சொல்லிடக் கூடாதே. நான் சொல்றது ஒண்ணுதான். இது லைசென்ஸ் புதுப்பிக்கிற மாசம். நாளைக்கு அவங்க திறந்து, வறுத்ததுன்னு அவங்களாக் கண்டுபிடிச்சு, 'பொய்யா அறிவிச்சார்'னு உன் பேருக்கு நேரா எழுதிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் லைசென்ஸ் கிடையாது. நீ இந்தச் சீசாவெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கி வெச்சுப் பார்த்துட்டிருக்க வேண்டியதுதான்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறே."

கைப்பேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். தம்பி இல்லை. ஓட்ஸ் வியாபாரி.

"சொல்லுங்க. தோல் நீக்கினதா, நீக்காததா?"

"கொஞ்சம் நீக்கினதும்மா."

"கொஞ்சம் நீக்கினதுன்னா? பாதிச் சட்டை போட்டவன் மாதிரியா?"

"கொஞ்சம் இருக்கு, கொஞ்சம் இல்ல..."

"மாதிரி அனுப்புங்க. பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டு அப்படியே நின்றாள். புருஷன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் ஓட்ஸுக்கு மாதிரி கேட்கிறாய், தம்பியின் கடலைக்கு மட்டும் ஒரு வார்த்தை போதுமா உனக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நான் சுங்க ஆபீசுக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

"நானும் வரேன்."

"வேண்டாம்."

"வேண்டாம்னாலும் வரேன்."

சுங்க அலுவலகத்தில் மதிப்பீட்டு அதிகாரியின் அறையில் விசிறி ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓடியது. காற்று முழுக்கக் கோப்புகளுக்குத்தான். அவற்றின் மேல் அதிகாரி பல ஊர்க் கூழாங்கற்களை ஏற்றி வைத்திருந்தார். அவளைவிட வயதில் சிறியவர். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், பதவி ஞாபகம் வந்து, பாதியில் உட்கார்ந்தார்.

"வாங்கம்மா. என்ன, நீங்களே வந்துட்டீங்க?"

"ஒரு சந்தேகம் சார்."

"உங்களுக்கே சந்தேகமா? அப்ப நாங்கல்லாம் எங்க போறது?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கடலைன்னு வெச்சுக்குவோம். சூடு காட்டினதுன்னு எழுதியாச்சு. அப்புறம் பார்த்தா, வறுத்ததா இருக்குமோன்னு—"

"எந்தப் பெட்டின்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எழுதணும்."

"கேக்காதீங்க."

"நாளைக்கு நான் பார்க்கப் போற பெட்டிகள்ள ஒண்ணான்னும் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்கன்னு சொல்றேன்ல?"

அவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து வேறு கோப்பின் மேல் வைத்தார். "முத்திரையை வெட்டறதுக்கு முந்தி வந்து சொன்னா அது திருத்தம். கொஞ்சம் அபராதம், கொஞ்சம் முணுமுணுப்பு, அதோட போச்சு. வெட்டினதுக்கு அப்புறம் சொன்னா அது வாக்குமூலம். உங்களுக்குத் தெரியாததா?"

"வறுத்ததுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாதே. சந்தேகம்தான். தெரியாம அதை இருபதுக்குத் தள்ளிட்டு, கடைசியில அது சும்மாச் சூடு காட்டினதுதான்னு ஆச்சுன்னா? உணவு இலாகா அனுமதி அது இதுன்னு ஒண்ணுமில்லாததுக்கு அந்தப் பெட்டி கிடையாக் கிடக்கும். கொண்டுவந்தவன் பாவம்."

"சந்தேகம்னு எழுதிக் குடுத்தா அதை நான் எங்க உக்கார வைக்கறது? ஒண்ணு பன்னெண்டாம் அத்தியாயம், இல்ல இருபதாம் அத்தியாயம். நடுவுல பெஞ்சு போடலையேம்மா."

"அப்ப என்னதான் பண்றது?"

"சரக்குக்காரர் வாயால ஒரு வார்த்தை வேணும். உங்க ஊகத்துக்கு எண்ணை மாத்த முடியாது. நீங்க முகவர். அவர் சொல்லணும், நீங்க எழுதணும். கவுண்டர் சாயங்காலம் மூடிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க எழுதினதுன்னா நான் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்ட காலம் உண்டு. நாளைக்கு அப்படி முடியாது. மேலேருந்து ரெண்டு பேர் கூட வராங்க."

வெளியே நடையில் புருஷன் சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பு ஒன்றை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவள் வருகிற வேகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். அவள் நடையின் கோடிவரை போனாள். திரும்பினாள். மறுபடியும் கோடிவரை போனாள். தம்பியின் எண்ணை அழுத்தினாள். இந்த முறை யாரோ எடுத்தார்கள்.

"அண்ணி! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம். உங்களுக்கு ஆயுசு நூறு!"

தம்பி பெண்டாட்டி. எப்போதும் பாடுகிற மாதிரிதான் பேசுவாள்.

"அவன் எங்கம்மா?"

"மிஷின்காரங்க வந்திருக்காங்க, அவங்களோட நிக்கறார். போன் நச்சுநச்சுன்னு அடிச்சுக்கிட்டே இருக்குன்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டார்."

"நச்சுநச்சுன்னு அடிச்சது நான்தான். என்ன மிஷின்? செக்கு ரிப்பேரா?"

"செக்கு எதுக்கு அண்ணி? பாக்கெட் போடற மிஷின். மேல கொட்டினாக் கீழ பாக்கெட் பாக்கெட்டா விழுமாம். உங்ககிட்டச் சொல்லலையா? ஐயோ, நான்தான் உளறிட்டேனா? உங்களை அசத்தலாம்னு சொல்லாம வெச்சிருந்தாரோ என்னவோ!"

"மேல எதைக் கொட்டினா?"

"கடலையைத்தான். நமக்கு வேலையே இல்ல அண்ணி. உப்பைத் தூவி, உள்ள போட்டு, ஒட்டிட வேண்டியதுதான். அங்கேயே வாட்டி அனுப்பிடறாங்களாம். ஒண்ணு வாயில போட்டா விடவே முடியாது, மொறுமொறுன்னு. பேர்கூட வெச்சாச்சு தெரியுமா? 'அக்கா கடலை'."

"என்னது?"

"'அக்கா கடலை'! உங்க ஞாபகமாத்தான். கவர்ல கொண்டை போட்ட மாதிரி ஒரு படம். உங்களைப் பார்த்து வரையல, ஆனா மூக்கு உங்க மூக்கேதான். அண்ணி? அண்ணி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். போனை அவன்கிட்ட குடு."

"மிஷின்காரங்க—"

"குடும்மா."

செருப்புச் சத்தம், ஏதோ இரும்பின் சத்தம், கதவு. புருஷன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தம்பியின் குரல் வந்தது, வேண்டுமென்றே உற்சாகமாக.

"சொல்லுக்கா! என்ன விசேஷம்?"

"பெட்டியை நாளைக்குத் திறக்கறாங்க."

"திறக்கட்டுமே. எல்லாப் பெட்டியையும்தானே திறக்கறாங்க?"

"நீ வாட்டினதுன்னு சொன்னே."

"ஆமா. சொன்னேன்."

"நம்ம வீட்டு வாட்டினதா?"

"அக்கா, நான் வாட்டினதுன்னுதான் சொன்னேன். அதைத் தவிர வேற எதுவும் சொல்லல. வேணும்னா யோசிச்சுப் பாரு. வறுக்கலன்னு நான் சொன்னேனா? சொல்லல. நம்ம அம்மா என்ன வார்த்தை சொல்வாங்களோ அதைத்தான் சொன்னேன். நீ எதை எழுதினேன்னு எனக்கென்ன தெரியும்? அத்தியாயம் பன்னெண்டா, நூத்திப் பன்னெண்டா, எனக்கு என்னக்கா தெரியும்? செக்கு ஓட்டறவன்."

"இப்பச் செக்கா ஓட்டறே?"

அவன் தன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீ பயப்படாதேக்கா. எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கேன். கதவைத் திறந்ததும் முன்வரிசையில நிக்கற மூட்டையெல்லாம் பச்சைக் கடலைதான். அவங்க ரெண்டு மூட்டையைக் குத்திப் பார்ப்பாங்க, போயிடுவாங்க. உன் மேல அவங்களுக்கு மரியாதை வேற. எட்டிலக்கத்தம்மா எழுதினதுன்னா யார் உள்ளே புகுந்து பார்க்கப் போறாங்க?"

அவள் படியை நோக்கி நடக்கத் தொடங்கினாள், புருஷன் கூடவே வந்தார்.

"முன்வரிசையில பச்சைக் கடலை வெக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். ஒரு... ஒரு பாதுகாப்புக்கு."

"அப்ப உனக்குத் தெரியும். வாட்டினதுன்னு சொன்னா நான் எதை எழுதுவேன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"அக்கா, நான் பொய் சொல்லலையே!"

"நீ சொல்லல. என்னைச் சொல்ல வெச்சே."

"இப்ப எதுக்குப் பெரிய வார்த்தையெல்லாம்?"

"வாசனையை எந்த மூட்டையிலடா கட்டி மறைச்சு வெப்பே? யார்டு முழுக்க மணக்குதாம். உங்க மாமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்திருக்காரு."

"மாமாவுக்கு எப்பவுமே எங்க வீட்டு ஆளுங்க மேல—"

"அவரை விடு. நான் திருத்தப் போறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா! திருத்தினா அது தின்பண்டம். உணவு இலாகா அனுமதி எங்கிட்ட இல்ல. வாங்கற வரைக்கும் பெட்டி அங்கயே கிடக்கும்."

"கிடக்கும்."

"திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"அனுப்புவாங்க."

"மிஷின் வந்து நிக்குது. உன் பேரை வெச்சிருக்கேன்க்கா, சாமி பேரைக்கூட வெக்கல. எனக்குன்னு யார் இருக்கா? இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்க மாட்டியா? என்னைவிட உனக்கு அந்த லைசென்ஸ் பெரிசாப் போச்சா?"

புருஷன் மெதுவாக, "எங்கிட்ட குடு" என்று கையை நீட்டினார். அவள் கைப்பேசியை இன்னும் இறுக்கமாகக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அனுமதி வேணும்னா முன்னாடியே எங்கிட்ட வந்து, 'அக்கா, வறுத்த கடலை கொண்டாரலாம்னு இருக்கேன், என்ன பண்ணணும்'னு கேட்டிருந்தா, நானே அலைஞ்சு வாங்கிக் குடுத்திருப்பேனேடா. உனக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப் போறேன்? அதை விட்டுட்டு... உன் பாக்கெட்ல என் மூக்கு இருக்காம். என் கையெழுத்து இங்க இருக்கு."

நடந்துகொண்டே பேசினாள். நடையைக் கடந்து, படியிறங்கி, கீழ்த்தளத்துக் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தாள். பின்னால் புருஷன் ஒரு படி விட்டு ஒரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். திருத்தம் வாங்குகிற கவுண்டரில் எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு, தொங்குகிற ஷட்டரின் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"இருங்க இருங்க. மூடிடாதீங்க."

"அம்மா, நீங்களா? நேரமாச்சே." கயிற்றை விட்டார். கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "சொல்லுங்க. எண் மாறுதா, சரக்கு விவரம் மாறுதா?"

"ரெண்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எழுதியதை அவளே வந்து மாற்றி அவர் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கணினியில் பெட்டி எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"பன்னெண்டுலேருந்து?"

"இருபதுக்கு."

"சரக்குக்காரருக்குத் தெரியுமா? அவர் சொல்லணுமே. நாளைக்கு அவர் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு நின்னா?"

"லைன்லதான் இருக்கான்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. சரக்கு என்னன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லட்டும், நான் கேட்டேன்னு குறிச்சுக்கறேன். நாளைக்குக் காலையில வந்து அவர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

காதிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். தம்பி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். குரல் கம்பி போலச் சின்னதாகக் கேட்டது. "அக்கா, அவசரப்படாதே, நான் கிளம்பி வரேன், நேர்ல பேசிக்கலாம், அக்கா..." ஸ்பீக்கரை அழுத்தியதும் அந்தக் குரல் கூடம் முழுக்கப் பரவி, யாரோ கேட்கிறார்கள் என்று உணர்ந்தது போல நின்றுவிட்டது. எழுத்தர் விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தார். புருஷன் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அவள் கைப்பேசியை எழுத்தருக்கும் தனக்கும் நடுவில், பலகையின் மேல் வைத்தாள். அது வழுக்கியது. கையால் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இங்க கேக்கறாங்க. நம்ம வீட்டு வார்த்தை வேண்டாம்டா, எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரே வார்த்தையில சொல்லு. அது என்ன கடலை?"